எஃகு பிஸ்டலில் சிவப்புப் புள்ளி: எதைப் பார்த்து மதிப்பிடுவது?

எஃகு ஃபிரேம் (பிடியோடு கூடிய உடல்), எஃகு ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பகுதி), வெளியே தெரியும் ஹேமர் (அடிக்கும் சுத்தியல்). இந்தப் பழைய பாணி பிஸ்டல்களின் மேல் ரெட் டாட் சைட், அதாவது சிவப்பு ஒளிப்புள்ளியால் குறிபார்க்கும் சிறு கருவி, பொருத்துவது ஒரு சில போட்டிக்காரர்களின் ஆசையாக மட்டும் இருந்த காலம் போய்விட்டது. 1911 வகையிலும் சி.இசட் 75 வழிவந்தவற்றிலும் சைட் உட்காருவதற்கான வெட்டு இப்போது தொழிற்சாலையிலேயே போடப்பட்டு வருகிறது. இவற்றைப் பற்றிய மதிப்பீடுகளில் பல ஒரே வழியில் போகின்றன: துப்பாக்கியைப் பற்றி நான்கு வரி, சைட்டைப் பற்றி நான்கு வரி, இரண்டும் தரமானவை, ஆகவே சேர்ந்தாலும் தரமாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல பிஸ்டலும் நல்ல சைட்டும் சேர்ந்து மோசமான ஜோடியாக முடிவது சாதாரணமாக நடக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், அதாவது ஸ்லைடின் மேல்பரப்பில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள், என்ன வேலை நடந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதன் பிறகு.

பழைய வடிவமைப்புகள் இதில் ஏன் முரண்டு பிடிக்கின்றன என்பதற்கு வரலாறே காரணம். ஜான் பிரவுனிங் வடிவமைத்த பிஸ்டலை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது 1911 மார்ச் 29 அன்று. 1985-இல் பெரெட்டா எம்9 தேர்வாகும் வரை அதுவே அந்த ராணுவத்தின் பிரதான கைத்துப்பாக்கி. பிரவுனிங் 1926-இல் இறந்த பிறகு பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் டியூடோனே செவ் முடித்துக் கொடுத்த ஹை-பவர் 1935-இல் வந்தது. கௌட்ஸ்கி சகோதரர்களின் சி.இசட் 75 அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் 1975-இல் உருவானது. இந்த ஸ்லைடுகளை வரைந்தவர்கள் முன் சைட், பின் சைட் என்ற இரண்டு சிறு இரும்புத் துண்டுகளை மட்டுமே மனதில் வைத்து வரைந்தார்கள். மேல்பகுதியில் வலிமைக்கு எவ்வளவு எஃகு தேவையோ அவ்வளவை விட்டுவிட்டு மீதியைக் குடைந்து எடுத்தார்கள். இன்று அந்த மிச்ச எஃகிலிருந்துதான் நாம் மேலும் வெட்டி எடுக்கிறோம்.

ஒளிப்புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் யோசனைக்கு 1911-ஐ விட வயது அதிகம். அயர்லாந்தைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் அதற்கு 1900-இல் காப்புரிமை பெற்றார். மின்விளக்கில் எரியும் ரெட் டாட் சைட்டை ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்தது. அது குழாய் வடிவில் பெரிதாக இருந்தது. பிஸ்டல் போட்டிக்காரர்கள் அத்தகைய குழாய்களை ஃபிரேமில் பக்கவாட்டாகத் திருகிய மவுண்டில் ஏற்றினார்கள். ஸ்லைடு அதற்கு அடியில் ஓடும், சைட் அசையாமல் நிற்கும். அமெரிக்காவின் புல்ஸ்ஐ போட்டிகளில் ஒற்றைக் கையால் 25 கஜத்திலும் 50 கஜத்திலும் சுடுபவர்கள் 1911-உடன் சிவப்புப் புள்ளியைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். ஆகவே இந்த ஜோடியைப் புதிய மோகம் என்று சொல்பவர்கள் பாதி வரலாறுதான் சொல்கிறார்கள். ஸ்லைடின் மேலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு வெடிக்கும் ஸ்லைடோடு பின்னால் போய் முன்னால் வரும் சிறு சைட் பரவலானதுதான் புதிது. டிரிஜிகான் நிறுவனத்தின் ஆர்.எம்.ஆர். என்ற சிறு சைட் 2009-இல் வந்தது. அதன் பிறகுதான் இப்படியொரு கருவி நாள்பட உழைக்கும் என்ற நம்பிக்கை பலருக்கும் பிறந்தது.

புள்ளி கண்ணுக்குத் தருவது

இரும்பு சைட்டில் கண் மூன்று தூரங்களைச் சமாளிக்க வேண்டும்: பின் சைட்டின் பள்ளம், முன் சைட்டின் தூண், இலக்கு. ஒரே நேரத்தில் ஒன்றுதான் தெளிவாகத் தெரியும். முழு நீள 1911-இல் இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 165 மி.மீ. இருக்கிறது. முன் சைட் 1 மி.மீ. விலகினால் 25 மீட்டரில் தோட்டா சுமார் 150 மி.மீ. விலகும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணின் லென்ஸ் இறுகி, கை நீளத்தில் இருக்கும் முன் சைட் மங்கத் தொடங்கும்போது அந்த 1 மி.மீ. தவறு கண்ணுக்கே தெரிவதில்லை.

ரெட் டாட்டில் ஒரு சிறிய எல்.இ.டி. தன் ஒளியைச் சாய்வாக வைத்த வளைந்த கண்ணாடியில் அடிக்கிறது. கண்ணாடியின் பூச்சு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பி மற்ற நிறங்களை உள்ளே விடுகிறது. திரும்பி வரும் கதிர்கள் ஏறத்தாழ இணையாக வருவதால் புள்ளி வெகு தூரத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. கண்ணை இலக்கில் வைத்தால் போதும், புள்ளியும் அங்கேயே இருக்கும். தலையைச் சற்று நகர்த்தினால் புள்ளி சட்டத்தின் ஓரத்துக்குப் போகும், ஆனால் குறி பெரிதாக மாறாது. கதிர்கள் முழுக்க இணையாக இருந்தால், கண் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுதான் தவறு. கண்ணாடிச் சட்டத்தின் பாதி அகலத்தைத் தாண்ட அதற்கு வழியே இல்லை. ஆர்.எம்.ஆர். அளவுள்ள கண்ணாடியில் அது 11 மி.மீ.தான். பேரலாக்ஸே (கண் நகர்வதால் குறி மாறுவது) இல்லை என்ற விளம்பர வாசகம் மிகை. இருக்கிறது, கைத்துப்பாக்கித் தூரங்களில் அது பொருட்படுத்த வேண்டிய அளவில் இல்லை.

வாங்கும் முன் ஒன்றைச் சோதித்துவிட வேண்டும். ஆஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) உள்ள கண்ணுக்கு வட்டப் புள்ளி வால் முளைத்த நட்சத்திரமாகவோ, அருகருகே இரண்டு கறையாகவோ தெரியும். சைட்டில் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. சைட்டை மெதுவாகச் சுழற்றிப் பார்க்கலாம். உருவம் அதே சாய்வில் நின்றால் காரணம் கண். சைட்டோடு சேர்ந்து சுழன்றால் சைட். மொபைல் கேமரா வழியாகப் பார்த்தாலும் விஷயம் விளங்கிவிடும். பவர் கண்ணாடி அணிந்து சுடுபவர் அதை அணிந்தே சோதிக்க வேண்டும்.

புள்ளியின் அளவைப் பற்றி நடக்கும் சண்டையை ஒரு கணக்கில் முடிக்கலாம். 1 எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்பது 25 மீட்டரில் 7.3 மி.மீ. ஆகவே 3.25 எம்.ஓ.ஏ. புள்ளி அங்கே 24 மி.மீ. வட்டத்தை மறைக்கும், 6.5 எம்.ஓ.ஏ. புள்ளி 47 மி.மீ. வட்டத்தை. நிதானமாகத் துல்லியம் தேடுபவருக்குச் சிறியது. வேகமாகச் சுடுபவருக்குப் பெரியது. பிரகாசத்தைக் கூட்டினால் சிறிய புள்ளியும் பெரிதாகத்தான் தெரியும்.

எஃகு எங்கே உதவுகிறது

முழு நீள எஃகு 1911 ஏறத்தாழ 1.1 கிலோ. போட்டிக்கென்றே செய்த சி.இசட் ஷேடோ 2 சுமார் 1.3 கிலோ. பாலிமர் ஃபிரேம் கொண்ட கிளாக் 17 காலியாக 650 கிராமைக்கூட எட்டாது. 8 கிராம் தோட்டா விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால் துப்பாக்கி பின்னால் வாங்கும் உந்தம் எந்த பிஸ்டலானாலும் ஒன்றுதான். கைக்கு வந்து சேரும் ஆற்றல்தான் எடைக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுகிறது. எடை இரட்டிப்பானால் பின்னுதைப்பு ஆற்றல் பாதியாகும். இரும்பு சைட்டில் இதை "மென்மையாகச் சுடுகிறது" என்று வாயால் சொல்லத்தான் முடிந்தது. ரெட் டாட்டில் கண்ணால் பார்க்கலாம். வெடித்தவுடன் புள்ளி எவ்வளவு உயரம் எழுகிறது, சட்டத்தைவிட்டு வெளியே போகிறதா, எந்தப் பாதையில் திரும்பி வருகிறது என்பதெல்லாம் கண்முன் கோடு போட்டதுபோல் தெரியும். கனமான எஃகு பிஸ்டலில் நல்ல பிடியோடு 9 மி.மீ. சுட்டால் புள்ளி பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே எழுந்து இறங்கும்.

எடையைவிட முக்கியம் ட்ரிகர் என்பேன். 1911-இன் ட்ரிகர் ஒரு முளையில் சுழலாமல் நேராகப் பின்னால் நகர்கிறது. ஹேமர் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருப்பதால் இழுப்பு குட்டையாகவும் லேசாகவும் இருக்கிறது. இதன் அருமை காலித் துப்பாக்கியில் பயிற்சி செய்யும்போது புரியும். துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று இரண்டு முறை சரிபார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான சுவர் ஒன்றில் சிறு புள்ளியைக் குறிபார்த்து ட்ரிகரை அழுத்துங்கள். ஹேமர் விழும் அந்தக் கணத்தில் சிவப்புப் புள்ளி என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். வலக்கைக்காரர் பலருக்கு அது இடப்பக்கமாகக் கீழே ஒரு துள்ளல் துள்ளும். இரும்பு சைட்டிலும் அதே துள்ளல் இருந்தது, கண் அதைப் பிடிக்கவில்லை. நல்ல 1911-இல் ஹேமர் விழுந்த பிறகும் புள்ளி இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்க்கலாம். டபுள் ஆக்‌ஷனில் தொடங்கும் பிஸ்டலில், அதாவது ட்ரிகர் இழுப்பே ஹேமரையும் ஏற்றும் வகையில், முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருப்பதால், ட்ரிகர் நகரும் தூரம் முழுக்கப் புள்ளி அலைவது தெரியும். இது அந்த பிஸ்டலின் குறை என்று உடனே எழுதிவிடக் கூடாது. அலைச்சல் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கிறதா, நடுவில் சிராய்ப்பு போன்ற தடங்கல் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் அந்த ட்ரிகரை எடைபோட வேண்டும். புதிதாக ரெட் டாட் பிடித்தவர்கள் "கை இப்படி நடுங்குகிறதே" என்று கலங்குவதும் இதனால்தான். நடுக்கம் முன்பும் இருந்தது. இப்போது அது தெரிகிறது.

ஸ்லைடின் மேல் அந்த மூன்று மில்லிமீட்டர்

1911-இன் ஸ்லைடு அகலம் சுமார் 23 மி.மீ. சிறு ரெட் டாட்களில் பல அதைவிடச் சில மில்லிமீட்டர் அகலமானவை. ஆகவே இரு பக்கமும் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கும். பார்க்க அழகில்லை என்பது ஒரு பக்கம். அடியில் சைட்டைத் தாங்க வேண்டிய எஃகு ஓரங்களில் இல்லை என்பதுதான் கவலை. சி.இசட் 75-இல் நிலைமை இன்னும் இறுக்கம். அதன் ஸ்லைடு ஃபிரேமுக்கு உள்ளே ஓடுகிறது. இதனால் ஸ்லைடு உயரம் குறைந்து, கைக்கு மிக அருகில் தாழ்வாக அமர்கிறது. சுடுவதற்கு இது வரம், மேலே வெட்டுவதற்குச் சங்கடம். பெரெட்டா 92-இன் சிக்கல் வேறு மாதிரி. ட்ரிகரை இழுக்கும்போது அதன் ஃபயரிங் பின் தடுப்பு (ட்ரிகரை இழுக்காமல் வெடிக்காதபடி காக்கும் பொறி), பின் சைட்டுக்கு முன்னால் ஸ்லைடின் மேல்பரப்பிலேயே மேலெழும். சைட் அதை அமுக்கிவிடாமல் இடம் விட்டாக வேண்டும். தடுப்புப் பொறி எங்கே இருக்கிறது, காலிக் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பார்க்காமல் எந்தப் பழைய ஸ்லைடிலும் கட்டர் வைக்கக் கூடாது.

வெட்டு இரண்டு வகை. ஒன்று, குறிப்பிட்ட ஒரு சைட்டின் அடிப்பாகத்துக்கு ஏற்ப நேரடியாகக் குடைவது. மற்றொன்று, பொதுவான குழி ஒன்றைக் குடைந்து, அதில் வெவ்வேறு சைட்டுக்கான தகடுகளை மாற்றிப் போடுவது. தொழிற்சாலைகள் இரண்டாவதை விரும்புகின்றன. வாங்குபவருக்குத் தேர்வு கிடைக்கிறது, விற்பவருக்குச் சந்தை கிடைக்கிறது. விலை என்னவென்றால், இரண்டு இணைப்புகள்: ஸ்லைடுக்கும் தகடுக்கும் ஒன்று, தகடுக்கும் சைட்டுக்கும் ஒன்று. எது தளர்ந்தாலும் குறி போய்விடும். தகடு வேறு சைட்டை மேலும் உயர்த்திவிடுகிறது. ஒரே சைட்டோடு வாழப்போகிறவருக்கு நேரடி வெட்டுதான் மேல் என்பது என் கணிப்பு. இன்னும் மனம் முடிவாகாதவர் தகட்டு முறையில் வாங்கினால் அது எஃகுத் தகடாகவாவது இருக்கட்டும். மெல்லிய அலுமினியத் தகட்டில் மரை பிடிக்கும் ஆழம் போதாது.

இந்த இணைப்பு தாங்கும் சுமையைப் பலரும் குறைவாக நினைக்கிறார்கள். ஒரு தோராயக் கணக்கு போடலாம். 127 மி.மீ. பேரலை (குழலை) கடந்து 350 மீட்டர் வேகத்தில் வெளியேறும் தோட்டா உள்ளே இருக்கும் நேரம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு, சுமார் 0.7. அதற்குள் ஸ்லைடும் பேரலும் சேர்ந்து நிற்கும் நிலையிலிருந்து விநாடிக்கு 6 மீட்டரை ஒட்டிய வேகத்துக்குப் போகின்றன. புவியீர்ப்பைப் போல 800 மடங்குக்கு மேற்பட்ட முடுக்கம் இது. 34 கிராம் எடையுள்ள ஆர்.எம்.ஆர். அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தன் இருக்கையைத் தள்ளுகிறது. 60 கிராம் வரும் எய்ம்பாயிண்ட் ஏக்ரோ பி-2 போன்ற, விளக்கு பெட்டிக்குள் மூடிய சைட் என்றால் 50 கிலோவைத் தாண்டும். பிறகு ஸ்லைடு பின்னால் போய் ஃபிரேமில் முட்டும்போது எதிர்த்திசையில் ஒரு அடி, முன்னால் வந்து மூடும்போது இன்னொரு அடி. ஒவ்வொரு தோட்டாவுக்கும் இது நடக்கிறது.

இந்த விசையைத் திருகுகள் தாங்கக் கூடாது. சைட்டின் முன் விளிம்பும் பின் விளிம்பும் குழியின் சுவர்களோடு இறுக்கமாக உட்கார வேண்டும், அல்லது ஸ்லைடில் செதுக்கிய குமிழ்கள் சைட்டின் அடியிலுள்ள குழிகளில் சரியாகப் பொருந்த வேண்டும். திருகுகளின் வேலை சைட்டைக் கீழ்நோக்கிப் பிடித்து வைப்பது மட்டுமே. இதைச் சோதிக்க ஒரு வழி: திருகில்லாமல் சைட்டை இருக்கையில் வைத்து, விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். அசைவு கையில் தெரிந்தால் அந்த வெட்டு தளர்ச்சி. என்ன பசை போட்டாலும் அது பிறகு தொல்லை தரும். சுட்டு முடித்துக் கழற்றிப் பார்க்கும்போது இருக்கையின் பளபளப்பும் கதை சொல்லும். சீராக எல்லா இடத்திலும் தேய்ந்திருந்தால் நல்லது. ஒரு மூலையில் மட்டும் பளபளத்தால் சைட் அங்கே மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

திருகுகளைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்.எம்.ஆருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் இறுக்கம் 12 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 1.4 நியூட்டன் மீட்டர். கையில் ஒரு சாதாரண எல்-சாவியை வைத்துக்கொண்டு "நன்றாக இறுக்கினேன்" என்றால் அது பாதியாகவும் இருக்கலாம், இரு மடங்காகவும் இருக்கலாம். இறுக்கும் விசையை (டார்க்) அளக்கும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். மரைகளில் எண்ணெய் இருந்தால், திருகு தளராமல் இருக்கப் போடும் பசை பிடிக்காது. எஃகு ஸ்லைடுகள் எண்ணெயில் ஊறியே வருவதால் ஆல்கஹால் தொட்டுத் துடைத்த பிறகே பசை. கழற்ற முடிகிற நீல வகை போதும். பசை திருகின் அடியில் தேங்கி, சில வகை ஸ்லைடுகளில் எக்ஸ்ட்ராக்டர் குழிக்குள் கசிந்து அதைப் பிடித்துவிடுவதும் உண்டு. திருகு நீளமும் அப்படித்தான்: ஒரு மரை கூடினால் உள்ளே இருக்கும் பாகத்தை முட்டும், ஒரு மரை குறைந்தால் பிடிப்பு போதாது. இறுக்கிய பிறகு திருகின் தலையிலிருந்து சைட்டின் மேல் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பின்னால் அது நகர்ந்ததா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

எடைக் கணக்கும் இங்கேதான் வருகிறது. 45 மி.மீ. நீளம், 23 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழம் வெட்டினால் வெளியேறும் எஃகு சுமார் 24 கிராம். அங்கே 34 கிராம் சைட் ஏறினால் ஸ்லைடு பத்து கிராம்தான் கூடியிருக்கிறது. ஸ்லைடை முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. தகட்டோடு ஏக்ரோ போன்றதை ஏற்றினால் கூடுதல் எடை ஸ்லைடின் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிப் போகும். அப்போது ஸ்லைடு மெதுவாகப் பின்வாங்கும், மருந்து குறைவான லேசான தோட்டாக்களில் காலிக் கூடு முழுதாக வெளியேறாமல் மாட்டிக்கொள்ளும். 1911-இன் அசல் தோட்டாவான .45 ஏ.சி.பி.யின் உந்தம் பெரிது. 14.9 கிராமை 255 மீட்டர் வேகத்தில் அனுப்புகிற அது கூடுதல் எடையை எளிதாக நகர்த்திவிடும். 9 மி.மீ. 1911-இல், அதுவும் விறைப்பான ஸ்பிரிங் போட்டதில், இந்தப் பிரச்சினை முதலில் தலைகாட்டும். ஆகவே நம்பகத்தைச் சோதிக்கும்போது அழுத்தமான தோட்டாக்களை மட்டும் சுட்டுவிட்டு "ஒரு தடங்கலும் இல்லை" என்று எழுதினால் அது சோதனை ஆகாது. பயிற்சிக்கான லேசான தோட்டா, துடைக்காத துப்பாக்கி, ஒற்றைக் கை, தளர்ந்த மணிக்கட்டு என்று கஷ்டமான நிலைமைகளில் சுட்டுப் பார்க்க வேண்டும்.

வெளியேறும் கூடுகள் சைட்டைத் தொடுகின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்தின் முன்பக்கம் பித்தளை நிறத்தில் சிறு கீறல்கள் விழுந்தால் கூடுகள் அங்கே மோதுகின்றன. கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரைச் சீர்செய்தால் சரியாகும். கீறல்கள் தோற்றத்துக்குத்தான் கேடு என்று விட்டுவிட வேண்டாம், மோதித் திரும்பிய கூடு ஸ்லைடுக்குள்ளேயே விழுந்து சிக்குவதுண்டு.

பிடியின் கோணமும் காணாமல் போகும் புள்ளியும்

ரெட் டாட் வாங்கியவர்களின் முதல் புகார், "துப்பாக்கியை உயர்த்தினால் புள்ளி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது." இது முழுக்கப் பயிற்சிக் குறை என்று சொல்லிவிடுகிறார்கள். அதில் வடிவியலுக்கும் பங்கு உண்டு. ஆர்.எம்.ஆரின் கண்ணாடி உயரம் சுமார் 16 மி.மீ. கை நீட்டிய நிலையில் அது கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. மையத்திலிருந்து மேலோ கீழோ 8 மி.மீ. தான் இடம், கோணத்தில் சொன்னால் முக்கால் டிகிரி. துப்பாக்கி அதைவிடச் சற்று அதிகம் குனிந்தாலோ நிமிர்ந்தாலோ புள்ளி மறைந்துவிடும்.

இப்போது பிடியைப் பாருங்கள். 1911-இன் பிடிச் சாய்வு சுமார் 18 டிகிரி என்றும், கிளாக்கினுடையது 22 என்றும் வழக்கமாகச் சொல்வார்கள். நான்கு டிகிரி வித்தியாசம் அந்த முக்கால் டிகிரியைப் போல ஐந்து மடங்கு. பாலிமர் பிஸ்டலில் ஆண்டுக்கணக்கில் பழகிய மணிக்கட்டு 1911-ஐ எடுத்தால் குழல் கீழே பார்க்கும், புள்ளி கண்ணாடியின் அடிவிளிம்புக்குக் கீழே போய்விடும். இரும்பு சைட்டில் தூண் தெரிவதால் கண் தானாகத் திருத்திக்கொண்டது. இங்கே திருத்த எதுவும் தெரிவதில்லை. ஆகவே ஒரே வாரத்தில் சுட்டுப் பார்த்து "இந்தச் சைட் மெதுவானது" என்று தீர்ப்பளிப்பதில் நியாயமில்லை. 1911-இல் முதுகுப் பகுதித் தகடு தட்டையாகவும் வளைந்தும் இரு வகை கிடைக்கிறது. அதை மாற்றினாலே சிலருக்குப் புள்ளி தானாக நடுவில் வந்து நிற்கும்.

சுடும் தளத்தில்

ரெட் டாட் பிஸ்டலின் இயந்திரத் துல்லியத்தைக் கூட்டாது. குறிபார்ப்பதில் நடக்கும் தவறைக் குறைக்கும், அவ்வளவுதான். பிரவுனிங் முறையில் பேரல் ஒவ்வொரு முறையும் சாய்ந்து மீண்டும் ஸ்லைடோடு பூட்டிக்கொள்கிறது. சைட் இருப்பது ஸ்லைடில், தோட்டா போவது பேரலில். இரண்டும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பூட்டினால்தான் புள்ளி சொல்வது உண்மையாகும். 1911-இல் முன்முனையில் பேரலைப் பிடிக்கும் புஷ்ஷிங் தளர்ந்திருந்தால், முன்பு சுடுபவரின் தவறுக்குள் ஒளிந்திருந்த அந்தத் தளர்ச்சி இப்போது பட்டவர்த்தனமாகும். சைட்டை மாற்றிய பிறகு "துப்பாக்கி கெட்டுவிட்டது" என்று தோன்றுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

25 மீட்டரில், மணல் பையில் தாங்கிச் சுட்டு, குழுக்களின் (ஒரே குறிக்குச் சுட்ட தோட்டாத் துளைகளின்) அகலத்தை அளப்பது வழக்கமான சோதனை. ஐந்து தோட்டாக் குழு ஒன்றை மட்டும் படம் பிடித்துப் போடுவதை நான் மதிப்பதில்லை. ஐந்து தோட்டாக் குழுக்கள் இயல்பாகவே தங்கள் சராசரியிலிருந்து கால் பங்கு அளவுக்கு ஏறி இறங்கும். சராசரி 60 மி.மீ. தருகிற பிஸ்டல் ஒரு தடவை 45-உம் அடுத்த தடவை 75-உம் தருவது சாதாரணம். அந்த 45-ஐ மட்டும் காட்டுவது வாசகரை ஏமாற்றுவது. ஐந்து குழுக்களாவது சுட்டு, எல்லாவற்றின் சராசரியையும் தர வேண்டும். ஜீரோ செய்வதிலும், அதாவது தோட்டா படும் இடத்தோடு புள்ளி ஒன்றும்படி சைட்டைத் திருத்துவதிலும், இதே கதை. அப்படிப்பட்ட பிஸ்டலில் ஐந்து தோட்டாக்களின் மையம் உண்மையான மையத்திலிருந்து சுமார் 9 மி.மீ. விலகியிருப்பது இயல்பு. சைட்டைத் திருத்தும் திருகின் ஒரு கிளிக் 1 எம்.ஓ.ஏ. என்றால் அது 25 மீட்டரில் 7 மி.மீ. தான். ஐந்து தோட்டாவுக்கு ஒரு முறை கிளிக் திருப்பிக்கொண்டே இருப்பவர் வெறும் தற்செயலைத் துரத்துகிறார். இருபது தோட்டாக்களின் மையத்தைப் பார்த்து ஒரே முறை திருத்துவது மேல்.

எந்தத் தூரத்தில் ஜீரோ செய்வது என்பதும் தோட்டாவைப் பொறுத்தது. குழலின் மையத்துக்கு மேல் 22 மி.மீ. உயரத்தில் புள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், 25 மீட்டரில் சரிசெய்த 9 மி.மீ. பிஸ்டல் 10 மீட்டரில் 7 மி.மீ. கீழேயும், 50 மீட்டரில் 35 மி.மீ. அளவுக்குக் கீழேயும் சுடும். .45-இல் 10 மீட்டரில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, 50 மீட்டரில் 80 மி.மீ. வரை இறங்கும். ஆகவே இரண்டுக்கும் 25 மீட்டர் ஜீரோ பொருத்தமானதே. புல்ஸ்ஐ சுடுபவர்கள் 50 கஜத்துக்கு மறுபடி கிளிக் எண்ணிக்கொள்கிறார்கள். தகடு போட்டுச் சைட் உயர்ந்துவிட்ட பிஸ்டலில் கிட்டத் தூரங்களில் தோட்டா இன்னும் கீழே போகும் என்பதை இதே கணக்கு காட்டும்.

ஜீரோ முடிந்ததும் சோதனை முடிந்துவிடாது. சில நூறு தோட்டாக்களுக்குப் பிறகு அதே தாங்கலில், அதே தோட்டாவில் மையம் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தால்தான் இணைப்பைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். பேட்டரியும் இதில் சம்பந்தப்படுகிறது. பழைய ஆர்.எம்.ஆரில் பேட்டரி அடியில் இருக்கிறது, மாற்ற வேண்டுமானால் சைட்டையே கழற்ற வேண்டும். பக்கவாட்டில் தட்டு உள்ளவற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஏக்ரோ பி-2 ஒரே சி.ஆர். 2032 பேட்டரியில் நடுத்தர வெளிச்சத்தில் 50,000 மணி நேரம் எரியும் என்கிறது தயாரிப்பாளர், ஐந்து ஆண்டுக்கும் மேல். அதோடு அதன் விளக்கு மூடிய பெட்டிக்குள் இருப்பதால் மழைத்துளியோ பஞ்சோ ஒளியை மறைக்காது. திறந்த சைட்டில் விளக்கின் மேல் ஒரு துளி தண்ணீர் நின்றாலும் புள்ளி சிதறிவிடும். எடையா, மூடிய விளக்கா என்பது எஃகு பிஸ்டலில் உண்மையான தேர்வு. வயலிலும் மழையிலும் எடுத்துப் போகிறவருக்கு மூடியது. கூரைக்குக் கீழ் போட்டி சுடுகிறவருக்கு லேசான திறந்தது போதும்.

போட்டி என்றதும் விதிப்புத்தகத்தையும் புரட்டிவிட வேண்டும். ஒலிம்பிக் சுடுதலுக்கு விதி வகுக்கும் ஐ.எஸ்.எஸ்.எஃப். அமைப்பின் பிஸ்டல் போட்டிகளில் திறந்த இரும்பு சைட் மட்டுமே செல்லும். வேகமாகச் சுடும் போட்டிகளை நடத்தும் ஐ.பி.எஸ்.சி.யில் ரெட் டாட்டுக்கு உரிய பிரிவுகள் தனியாக இருக்கின்றன, 1911 போன்ற சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டல் அவற்றில் சிலவற்றில் செல்லுபடியாகாது. ப்ரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் பிரிவுக்கென்று 1911 வாங்கிவிட்டு வருத்தப்படுவதில் பயனில்லை.

வெட்டிய ஸ்லைடில் பின் சைட் இருந்த இடமே பல நேரம் போய்விடுகிறது. சைட் அணைந்தால் கையில் இருப்பது முன் தூண் மட்டும். சில தயாரிப்பாளர்கள் தகட்டிலேயே சிறு பள்ளம் வைத்துத் தருகிறார்கள், ஆழமாக வெட்டிய இருக்கை என்றால் கண்ணாடி வழியே அது அடியில் தெரியும். 

கடைசியாக, பழைய அசல் துப்பாக்கிகள். 1940-களின் ராணுவ 1911ஏ1 (1911-இன் திருத்திய வடிவம்), பெல்ஜியத்தில் செய்த ஆரம்பகால ஹை-பவர் போன்றவற்றின் ஸ்லைடில் முத்திரைகளும் அசல் பூச்சும் இருக்கும். மில்லிங் கட்டர் ஒரு முறை பட்டுவிட்டால் அவற்றைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அவற்றில் வெட்டவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பின் சைட்டின் பள்ளத்தில் நுழைக்கிற மவுண்டுகள் கிடைக்கின்றன. ஸ்லைடைத் தொடாமல் சைட்டை ஏற்றலாம். ஆனால் உயரம் அதிகம், பிடிப்பு அந்த ஒரு பள்ளத்தை மட்டுமே நம்பியிருக்கும். 1911-க்கு இன்னொரு வழி உண்டு: புதிய ஸ்லைடு ஒன்றை வாங்கி அதில் வெட்டிக்கொண்டு, அசலைக் கழற்றிப் பத்திரப்படுத்துவது. ஃபிரேமின் தண்டவாளங்களோடும் பேரலின் பூட்டுப் பற்களோடும் அதைப் பொருத்தத் தேர்ந்த கை வேண்டும். சில நாடுகளில் ஸ்லைடும் உரிமம் தேவைப்படும் பாகம் என்பதால் சட்டத்தையும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஹை-பவர் பாணியை விரும்புகிறவருக்கு இந்தப் பாடு தேவையில்லை. எஃப்.என். 2022-இல் அதன் புதிய வடிவத்தை வெளியிட்டதோடு, வேறு தயாரிப்பாளர்களும் அந்த வடிவத்தைச் செய்து வருகிறார்கள். வெட்டுவதற்கு அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.